உளுவை போய்ப் பார்த்த கடல்

ஒரு வீட்டின் முன்னறையில் பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. தொட்டிக்குள் உப்புத் தண்ணீர், மணல், ஒரு பவளப்பாறை. பாறையின் அடியில், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு வளை. அந்த வளையில் ஒரு உளுவை மீனும் ஒரு இறாலும் சேர்ந்து குடியிருந்தன.

இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. இருட்டு எது, வெளிச்சம் எது என்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் மணல் தோண்டுவதில் அதை மிஞ்ச அந்தத் தொட்டியில் ஆள் இல்லை. வளை இடிந்துகொண்டே இருக்கும். அது அள்ளி அள்ளி வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். அதன் ஒரு கொடுக்கு மற்றதைவிடப் பெரியது. அந்தக் கொடுக்கைச் சொடுக்கினால் தண்ணீரே வெடித்தது போல் ஒரு சத்தம் வரும்.

உளுவைக்குத் தோண்ட வராது. கண் மட்டும் நல்ல கண்.

அதனால் இரண்டுக்கும் இடையில் ஒரு ஏற்பாடு இருந்தது. உளுவை முதலில் வெளியே வந்து வளை வாசலில் உட்காரும். இறால் தன் மீசையை நீட்டி உளுவையின் முதுகில் வைக்கும். மீசை முதுகில் பட்டால்தான் வெளியே வரும். ஆபத்து தெரிந்தால் உளுவை வாலை நடுக்கும். அந்த நொடியே இறால் உள்ளே போய்விடும். பின்னாலேயே உளுவையும் போகும். கடலில் இருந்த நாளிலிருந்து அவற்றின் இனமே இப்படித்தான் பிழைத்து வருகிறது.

ஆபத்து ஒன்றுதான். அதற்குப் பருந்துமீன் என்று பெயர். பருந்து போலவே பவளக் கிளையின் உச்சியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். முதுகு முள் ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னச் சின்னக் குஞ்சம். தொட்டியில் எல்லோருக்கும் அது அண்ணாச்சி. மரியாதையான பேச்சு. இறால் என்றால் மட்டும் வாயில் நீர் ஊறும்.

தொட்டியின் பின்கண்ணாடியில் அப்போது கறுப்பு அட்டை ஒட்டியிருந்தது. பருந்துமீனின் உடம்பும் கருஞ்சிவப்பு. சாயங்காலம் மேல்விளக்கைக் குறைத்துவிட்டால் கறுப்பு எது, அண்ணாச்சி எது என்று உளுவைக்கே தெரியாது. ஒருமுறை அப்படித்தான் கவனிக்கத் தவறியது. இறாலின் மீசை ஒன்று பாதியோடு போனது. இப்போது மெதுவாக வளர்ந்து வருகிறது. இறால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. உளுவைதான் மீசை முதுகில் படும்போதெல்லாம் எது நீளம், எது குட்டை என்று கவனித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் வீட்டுக்காரர் அந்தக் கறுப்பு அட்டையைக் கிழித்து எடுத்தார். அதற்குப் பதில் பால் போன்ற வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டினார். தாளுக்குப் பின்னால் எதையோ பொருத்தி, ஒரு வயரை இழுத்துச் சுவரில் சொருகினார்.

"கறுப்பா இருந்தப்ப கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்கற மாதிரி இருந்துச்சு" என்றாள் அவர் மனைவி பெனிட்டா.

"இப்பப் பாரு" என்று அவர் சுவிட்சைப் போட்டார்.

பின்பக்கம் முழுவதும் நீலமாயிற்று. அடர்ந்த நீலம் அல்ல. விடிகிற நேரத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்த்தால் தெரிகிற நீலம். சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. நீலம் போய்க்கொண்டே இருந்தது.

உளுவை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது.

"என்ன ஆச்சு? நெஞ்சு இப்படி அடிச்சுக்குது" என்றது இறால். மீசை உளுவையின் முதுகில் இருந்தது.

"ஒண்ணும் இல்லக்கா. வெளிச்சம் போட்டிருக்காங்க."

"அதான் பார்த்தேன். இன்னும் பொழுது போகலைன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு இறால் மணலை அள்ளப் போனது.

அன்றைக்குச் சாயங்காலமே பருந்துமீன் வழக்கம்போல ஒரு கிளை கீழே இறங்கியது. உளுவைக்குப் பளிச்சென்று தெரிந்தது. வாலை நடுக்கியது. இரண்டும் உள்ளே போய்விட்டன. மறுநாளும் இறங்கியது. மறுநாளும் தெரிந்தது. எந்தக் கிளைக்குப் பின்னால் போனாலும், எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் தெரிந்தது. அண்ணாச்சி அரைக் கிளை நகர்வதற்குள் வளை வாசல் காலி.

உளுவை தன் கண் கூர்மையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டது. அதில் கொஞ்சம் பெருமையும் சேர்ந்தது.

பருந்துமீன் அப்படி நினைக்கவில்லை. உளுவையின் கண் அதே கண்தான். பின்னால் வெளிச்சம் வந்துவிட்டது. இனி அந்தத் தொட்டியில் தான் எங்கே உட்கார்ந்தாலும் அந்த நீலத்தில் கறுப்பாக எழுதி வைத்த மாதிரி இருக்கும். உளுவை அந்த வாசலில் உட்கார்ந்து பின்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் இறால் கிடைக்காது.

அதாவது உளுவை அங்கே உட்காரக் கூடாது.

அடுத்த நாள் அது கிளை உச்சியிலேயே இருந்தபடி கூப்பிட்டது.

"தம்பி, ஒளியாதே. நான் இறங்கலை. பேசத்தான் கூப்பிட்டேன்."

உளுவை வாசலில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு கேட்டது. "சொல்லுங்க அண்ணாச்சி."

"உன் கண்ணு இப்ப ரொம்பத் துல்லியமா இருக்கே. என்ன விஷயம்?"

"தெரியலை அண்ணாச்சி. தானா இப்படி ஆயிருச்சு."

"நல்லதுதான். எனக்குத்தான் வயசாச்சு, தூரத்துல இருக்கறது தெரிய மாட்டேங்குது. பின்னால என்னவோ மாறியிருக்குன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. என்னதான் தெரியுது அங்க?"

"நீலமா இருக்கு."

"நீலம்னா?"

"நீலம். முடிவே இல்லாம."

பருந்துமீன் நீலத்தின் பக்கம் தலையைத் திருப்பியது.

"நான் பிறந்த ஊர்ல அதுக்குக் கடல்னு பேரு தம்பி."

உளுவை வாசலைவிட்டு முழு உடம்போடு வெளியே வந்தது. அதே வார்த்தை அதன் மனதில் முதல் நாளிலிருந்து இருந்தது. யாரும் சொல்லாததால் அதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

"சுவர் இருந்துச்சே அண்ணாச்சி" என்றது.

"எது சுவரு? கறுப்பா இருந்துச்சே, அதுதான? அதைக் கிழிச்சு எடுத்ததை நீதான பார்த்தே? சுவரை எடுத்தாச்சு. அந்தப் பக்கம் கடல். இதுல என்ன குழப்பம்?"

"அப்ப நீங்க ஏன் போகலை?"

"இந்தக் கிளையை விட்டா எனக்கு முதுகு நிக்காது. என்னை விடு. உன் கூடப் பிறந்ததுங்க எத்தனை பேர் அங்க இருக்குதுங்களோ. அதோ, மேல ஓரத்துல யாரோ ஒரு ஆள் நடமாடற மாதிரி தெரியுதா பாரு. எனக்கு மங்கலா இருக்கு."

உளுவை பார்த்தது. உண்மைதான். நீலத்தின் மேலோரத்தில் ஒரு கறுப்பு உருவம், உருண்டையாக, மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்த நீலத்தில் ஒருவர் குடியிருக்கிறார்.

அன்று இரை போடும் நேரத்தில் உளுவை சரியாகச் சாப்பிடவில்லை.

"அக்கா, பின்னால கடல் திறந்திருக்குன்னு சொல்றாங்க" என்றது வளைக்குள்.

இறால் ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தது. "யாரு சொன்னா?"

"அண்ணாச்சி சொன்னாரு. நானே பார்த்தேன்."

"கடல் திறந்தா தண்ணி ருசி மாறும். மாறலையே. காலுக்கு அடியில இழுக்கும். இழுக்கலையே."

"நீ வாசலைத் தாண்டியே வந்ததில்லை. உனக்கு எப்படித் தெரியும்?"

"வந்துதான் பார்க்கணுமா? மீசையில படும்ல."

"உனக்குக் கண்ணு தெரியாதுக்கா."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று உளுவைக்குத் தோன்றியது. இறால் கல்லைக் கீழே வைத்தது. பிறகு மறுபடியும் எடுத்துக்கொண்டு வேறு பக்கம் நகர்ந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் மேல்விளக்கு குறைந்தது. பின்பக்கம் நீலம் பிடித்தது. இறால் வளையின் உள்ளே, அடியாழத்தில், இடிந்த மணலைச் சரிசெய்துகொண்டிருந்தது. வேலை முடிய நேரமாகும். உளுவை வாசலில் உட்கார்ந்து யோசித்தது. போய் எட்டிப் பார்த்துவிட்டு உடனே வந்துவிடலாம். அக்கா வெளியே வருவதற்குள் வந்துவிடலாம். சொல்லிவிட்டுப் போகலாம்தான். சொன்னால் போக விடாது.

அது சொல்லாமல் கிளம்பியது.

உளுவைகள் நீந்திப் பழகியவை அல்ல. தரையோடு தரையாக இருப்பவை. அது பாறையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியபோது மூச்சு வாங்கியது. தொட்டியில் இருந்த இரண்டு கோமாளி மீன்களும் தாங்கள் குடியிருக்கும் கடல் சாமந்திக்குள் இருந்து எட்டிப் பார்த்தன.

"இதுவும் போகுது பாரேன்" என்றது ஒன்று.

"பேசாம இரு. நம்ம போனதைச் சொல்லிறப் போறே" என்றது மற்றது.

உளுவை காதில் வாங்கவில்லை. நீலம் நெருங்கி வந்தது. இன்னும் நெருங்கி வந்தது. கண்ணில் நீலத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அது வாலை ஒரு வீசு வீசிக் கடலுக்குள் பாய்ந்தது.

ணங் என்று மூக்கு இடித்தது.

அது பின்னால் தள்ளப்பட்டு, மறுபடி முன்னால் வந்து, வாயால் தொட்டுப் பார்த்தது. வழுவழுப்பாக, கெட்டியாக இருந்தது. முன்பக்கம் இருப்பது போலவே ஒரு கண்ணாடி.

"மெதுவா" என்றது ஒரு குரல். "பாசி கலையுதுல்ல."

அந்தக் கறுப்பு உருவம் அங்கேதான் இருந்தது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. தொட்டியின் பழைய நத்தை.

"நீங்களா?" என்றது உளுவை. "அங்கிருந்து பார்த்தப்ப கடல்ல ஒருத்தர் நடமாடறாருன்னு நெனச்சேன்."

"நான் எங்கயும் போனதில்லையே. தினம் இதே கண்ணாடிதான், இதே பாசிதான்."

"அப்ப இந்த நீலம்?"

"விளக்குப்பா. அந்தப் பக்கம் பட்டையா ஒண்ணு ஒட்டிவச்சிருக்காங்க. எனக்கு வயிறு கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கு. வேற ஒண்ணும் இல்லை." நத்தை கொஞ்சம் சுரண்டியது. "வர்றவங்க எல்லாரும் இங்கதான் மூக்கை இடிச்சுக்கறாங்க. கோமாளிங்க ரெண்டும் வந்துச்சுங்க. வெட்கத்துல வெளியவே சொல்லலை போலிருக்கு."

உளுவைக்கு மூக்கு வலித்தது. அதைவிட வேறொன்று வலித்தது. திரும்பிப் போகலாம் என்று நினைத்தது. போகும்போது பொதுவாகச் சொன்னது.

"பாவம், அண்ணாச்சிகிட்டயும் சொல்லிரணும். அவரும் கடல்னு நம்பிட்டு இருக்காரு."

"யாரு, குஞ்சம் வச்ச ஆளா?" என்றது நத்தை. "அவருதான் முதல்ல வந்து இடிச்சுக்கிட்டதே. விளக்கு போட்ட அன்னிக்கே வந்துட்டுப் போயிட்டாரு."

உளுவை அப்படியே நின்றது.

தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார். எதற்கு?

அது திரும்பிப் பார்த்தது. பவளக் கிளையின் உச்சி காலியாக இருந்தது.

வளை எங்கே என்று தேடியது. இங்கிருந்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. நீலம் இப்போது முதுகுக்குப் பின்னால் இருந்தது. எதிரே முன்கண்ணாடிக்கு அப்பால் விளக்குப் போடாத அறை. பாறை, மணல், எல்லாம் அந்த இருட்டோடு இருட்டாகக் கலந்து கிடந்தன. அது கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தது. பிறகுதான் தெரிந்தது. வளை வாசலில், தான் எப்போதும் உட்காரும் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்துக்கொண்டு, ஏதோ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது.

வளைக்குள்ளிருந்து வெளுப்பாக இரண்டு மீசைகள் நீண்டன. ஒன்று நீளம், ஒன்று குட்டை. குட்டைதான் முதலில் வந்தது. அது அந்த முதுகின் மேல் போய்ப் படிந்தது.

"அக்கா, உள்ள போ!" என்று உளுவை கத்தியது. பக்கத்தில் அலை கிளப்பும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் அதிலேயே போய்விட்டது.

உளுவை பாய்ந்தது. பாறையைச் சுற்றிக்கொண்டு போக நேரமில்லை. பாறைக்கு மேலாக, எந்த உளுவையும் போகாத வெட்டவெளியில், நேராகப் போனது. தலைக்கு மேலே ஒன்றும் இல்லை, பக்கத்தில் ஒதுங்க ஒரு கல்லும் இல்லை. அதைப் பற்றி நினைக்கவும் இல்லை.

கிட்டே வந்தபோது இறாலின் குரல் கேட்டது.

"தம்பி, உன் முதுகுல என்ன இது, நூல் நூலா?"

பருந்துமீன் பேசவில்லை. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"நேத்து இல்லையே" என்றது இறால். தலை வெளியே வந்துவிட்டது. மீசையால் ஒரு குஞ்சத்தைத் தடவியது. அடுத்ததைத் தடவியது. "நான் சொன்னதுல கோபமா? நேத்திலிருந்து பேசவே மாட்டேங்கறே."

இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. பருந்துமீன் மெதுவாக, மிக மெதுவாகத் தலையைத் திருப்பியது. வாய் திறந்தது.

உளுவை மேலிருந்து கல் விழுவது போல அந்த வாய்க்கும் இறாலுக்கும் நடுவில் வந்து விழுந்தது. மணல் கிளம்பியது. அதன் முதுகு இறாலின் மீசையில் இடித்தது. அது தன் வாலை, தன் உடம்பையே, நடுக்கியது.

இறாலுக்கு அது போதும். எது எதிரி, எந்தப் பக்கம் என்று அது கேட்கவில்லை. குஞ்சம் இருந்த திசையில் பெரிய கொடுக்கைச் சொடுக்கியது.

டப்!

உள்ளறையில் இருந்த பெனிட்டாவே வந்து எட்டிப் பார்த்தாள். "கண்ணாடியில விரிசல் ஏதும் விட்டிருச்சா?" என்று கேட்டாள்.

மணல் அடங்கியபோது பருந்துமீன் உதட்டை இறுக மூடிக்கொண்டு கிளை உச்சியில் இருந்தது. வளை வாசலில் யாரும் இல்லை.

உள்ளே இருட்டு. இரண்டுக்கும் மூச்சு வாங்கியது. பிறகு இறாலின் மீசை வந்து உளுவையின் தலையில் பட்டது. தலையிலிருந்து வால் வரை தடவிக்கொண்டே போனது. வாலிலிருந்து மறுபடி தலைக்கு வந்தது. எங்கும் குஞ்சம் இல்லை.

"நீதான்" என்றது.

"நான்தான்க்கா."

"எங்க போயிருந்தே?"

"கடலுக்கு."

"எப்படி இருந்துச்சு?"

"கண்ணாடியா இருந்துச்சு."

மீசை உளுவையின் மூக்கில் வந்து நின்றது.

"வீங்கியிருக்கு" என்றது இறால்.

அதற்கு மேல் அது ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உளுவை எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். கேட்காததால் அதுவாகவே சொன்னது. போகலாமா என்று கேட்காமல் போனது, நத்தை சொன்னது, வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தபோது தன் வீட்டையே தேட வேண்டியிருந்தது. உன் கண்ணைப் பற்றிச் சொன்னது தப்பு என்பதையும் சொன்னது.

"கண்ணு தெரியாதுதான்" என்றது இறால். "அதுக்குத்தான் உன்னை வச்சிருக்கேன். இனிமே எங்க போறதா இருந்தாலும் வாலை ஒருதரம் தட்டிட்டுப் போ. நான் உள்ளயே இருந்துக்கறேன்."

"போகலைக்கா."

"போக வேண்டாம்னு சொல்லலை. தட்டிட்டுப் போன்னுதான் சொல்றேன்."

உளுவை அதன் பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொண்டது. மீசை முதுகில் இருந்தது. இத்தனை லேசான ஒன்று முதுகில் இருப்பது இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று அது நினைத்ததே இல்லை.

அடுத்த நாள் சாயங்காலம் மேல்விளக்கு குறைந்தது. பின்பக்கம் நீலம் வந்தது. உளுவை வாசலில் உட்கார்ந்து பார்த்தது. நீலம் அழகாகத்தான் இருந்தது, முதல் நாள் போலவே. இப்போது அதற்கு நீலத்துக்கு அப்பால் பார்க்கத் தேவையில்லை. நீலத்துக்கு இப்பால் இருப்பதைப் பார்த்தது. பவளக் கிளை ஒவ்வொன்றும் கறுத்துத் தெளிவாக நின்றது. நத்தை எங்கே என்று தெரிந்தது. கோமாளி மீன்கள் எந்தப் பக்கம் சண்டை போடுகின்றன என்று தெரிந்தது.

இறால் மீசையை வைத்துவிட்டு நிதானமாக வெளியே வந்து மணலைக் கொட்டியது.

கிளை உச்சியிலிருந்து குரல் வந்தது. உதடு வீங்கியிருந்ததால் பேச்சு கொஞ்சம் குழறியது.

"என்ன தம்பி, கடல் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றது உளுவை. "உங்க குஞ்சம் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது."

பருந்துமீன் ஒரு குஞ்சத்தைக் கொஞ்சம் மடக்கியது. அதுவும் தெரிந்தது. அதன்பிறகு அது இறால் பக்கம் இறங்கவே இல்லை. இரை போடும் கை வரும் நேரத்துக்கு மேலே போய்க் காத்திருக்கப் பழகிக்கொண்டது.

தூரத்தில் தெரியும் வெளிச்சம் ஓடிச் சேர வேண்டிய இடமாக இல்லாமல் போகலாம். ஆனால் அதை நோக்கி நம்மை ஓடச் சொல்பவர் யார் என்பதை அந்த வெளிச்சத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.